நட்டுவாக்காலிக்குத் தொட்டி அமைத்தல்: மண் ஆழம், ஈரம், சூடு, சட்டை உரிப்பு

பச்சைப்பாசி

வணக்கம். வளர்ந்த பெண் நட்டுவாக்காலி ஒன்று (பெரிய கருந்தேள், ஹெட்டெரோமெட்ரஸ் வகை, வளர்ப்பில் பிறந்தது) அடுத்த வாரம் வருகிறது. அதற்குள் தொட்டி தயாராக வேண்டும். திட்டம் இது:

45×30×30 செ.மீ. கண்ணாடித் தொட்டி, மேலே முழுக்க வலை மூடி. தொட்டிக்கு அடியில் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடேறும் விரிப்பு). 5 செ.மீ. தேங்காய் நார்த்தூள். ஒரு மரப்பட்டை. தண்ணீர்க் கிண்ணம், அதற்குள் ஸ்பான்ஜ். தினமும் இரண்டு வேளை ஸ்ப்ரே அடித்து ஈரப்பதம் 80% வைப்பது.

எதை மாற்ற வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நல்லது.

ஆழ்வளை

45×30 தரை ஒரு வளர்ந்த தேளுக்குப் போதும். ஆனால் நான்கு விஷயம் மாற வேண்டும்: மண்ணின் ஆழம், ஹீட் மேட் இருக்கும் இடம், மூடி, தண்ணீர் விடும் முறை.

ஆழத்தை முதலில் சொல்கிறேன், மற்ற மூன்றும் அதைத்தான் சார்ந்திருக்கின்றன. நட்டுவாக்காலி வளை தோண்டி வாழும் உயிர். மண்தான் அதற்கு வீடு, கண்ணாடி அந்த மண்ணைப் பிடித்து நிறுத்தும் சுவர். 5 செ.மீ. மண்ணில் தோண்ட வழியில்லை. மேலும் கீழும் ஒரே ஈரம், ஒரே சூடு. காய்ந்தால் மொத்தமும் காயும், நனைந்தால் மொத்தமும் சேறாகும். 15 செ.மீ. இருந்தால் அடி ஈரமாகவும் மேல் உலர்ந்தும் நிற்கும். எங்கே இருப்பது என்பதைத் தேள் தானே பார்த்துக்கொள்ளும்.

கணக்கு: 45×30×15 என்றால் சுமார் 20 லிட்டர் மண். அழுத்தி நிரப்பும்போது கால் பங்குக்கு மேல் சுருங்கும், அதனால் 27 லிட்டர் கலந்து வையுங்கள். 650 கிராம் நார்த்தூள் கட்டி ஒன்றை 4 லிட்டர் வெந்நீரில் ஊறவைத்தால் ஏறக்குறைய 8 லிட்டர் வரும். இரண்டு கட்டி போதும். அதோடு உரமோ பூச்சிமருந்தோ சேராத, சலித்த மண் 9 லிட்டர், களிமண் தூள் 2 லிட்டர். நார்த்தூளில் உப்பு இருக்க வாய்ப்புண்டு, ஊறிய பிறகு ஒருமுறை பிழிந்து வேறு தண்ணீரில் அலசிவிடுங்கள்.

வெறும் நார்த்தூளில் வளை நிற்காது, அதற்காகத்தான் மண்ணும் களிமண்ணும். ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். கையைத் திறந்த பிறகும் பிடி உடையாமல் நிற்க வேண்டும், விரல் இடுக்கில் தண்ணீர் வழியக் கூடாது. ஒரு சொட்டு எட்டிப் பார்த்தால் பரவாயில்லை. தாரையாக வழிந்தால் பரப்பிக் காயவிட்டுப் பிறகு நிரப்புங்கள்.

5 செ.மீ. வீதம் மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் உள்ளங்கையால் நன்றாக அழுத்த வேண்டும். பின்பக்கம் 18, முன்பக்கம் 12 என்று சரிவாக விட்டால் நல்லது. மரப்பட்டையின் கீழிருந்து 4 செ.மீ. தடிமனுள்ள கம்பைச் சாய்வாகச் செருகி, பக்கக் கண்ணாடியை ஒட்டியபடி ஒரு தொடக்க வளை போட்டுக் கொடுங்கள். வளையின் ஒரு பக்கம் கண்ணாடியாக இருந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். வெளியே கறுப்புத் தாளை ஒட்டிவைத்து, பார்க்கும்போது மட்டும் தூக்குங்கள்.

இன்னொன்று. நிரப்பிய தொட்டி இருபது கிலோவைத் தாண்டும். எங்கே வைக்கப் போகிறீர்களோ அங்கேயே வைத்து நிரப்புங்கள். மண் நிறைந்த கண்ணாடியைத் தூக்கி நகர்த்தினால் மூலை விரிசல் விடும், போட்ட வளையும் சரிந்துவிடும்.

இரவுநடை

ஹீட் மேட் பற்றி. அடியில் வைக்கவே கூடாது. சூடு அதிகமானால் மண்ணுக்குள் இறங்கினால் குளிரும் என்பதுதான் தேளின் உடம்புக்குத் தெரிந்த வழி. அடியில் மேட் இருந்தால் இறங்க இறங்கச் சுடும். தப்பிக்க நினைத்துத் தோண்டும் தேள் சூட்டின் மேலேயே போய்ப் படுக்கும். அடிமண்ணின் ஈரமும் முதலில் அங்கேதான் காயும்.

அறை வெப்பம் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் என்றால் மேட்டே தேவையில்லை. இரவில் 20 வரை இறங்கினால் ஒன்றும் ஆகாது. அதற்குக் கீழே போகும் இடம் என்றால் 7 அல்லது 14 வாட் மேட்டைப் பக்கச் சுவரில், வெளிப்புறமாக, மண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலும் கொஞ்சம் கீழும் படும்படி ஒட்டுங்கள். அந்த ஒரு சுவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) கட்டாயம். அதன் உணர்முனையை மேட் இருக்கும் சுவரின் உட்புறம், மண் மட்டத்தில், டேப் இல்லாமல் சக்ஷன் கப்பால் பொருத்துங்கள். டேப்பின் பசையில் கால் ஒட்டிக்கொண்டால் தேளால் விடுவித்துக்கொள்ள முடியாது. 28 அல்லது 29-ல் வையுங்கள். மறு ஓரம் 24 அளவில் இருக்கட்டும். நட்டுவாக்காலி போன்ற காட்டுவகைத் தேளுக்கு 32-க்கு மேல் போவது ஆபத்து.

சூட்டுக்காக பல்பு போடுவது இந்த வகைக்கு உதவாது. மேல்மண்ணை ஒரே நாளில் காயவைக்கும், வெளிச்சத்தில் தேள் வளையை விட்டு வராது.

பச்சைப்பாசி

நன்றி. மேட்டைப் பக்கத்துக்கு மாற்றிவிடுகிறேன். ஈரப்பத மீட்டர் வட்ட முள் வகை. எங்கே ஒட்டுவது?

ஆழ்வளை

ஒட்டவே வேண்டாம். முள் வகை மீட்டர் பத்து, பதினைந்து சதவீதம் தப்பாகக் காட்டுவது சாதாரணம். சரியாகவே காட்டினாலும் அது மூடிக்குக் கீழே உள்ள காற்றின் அளவு. தேள் இருப்பது மண்ணுக்குள்ளே. மேலே 60% காட்டும்போதே வளைக்குள் ஏறக்குறைய முழு ஈரம் இருக்கும். அந்த 80 என்ற எண்ணை எட்டுவதற்காக ஸ்ப்ரே அடித்து அடித்துத்தான் பலரும் மேல்மண்ணைச் சேறாக்கிவிடுகிறார்கள், அடிமண் உலர்ந்தே கிடக்கிறது. இது இயற்கைக்கு நேர்த் தலைகீழ்.

கண்ணாடியைப் பக்கவாட்டில் பாருங்கள். ஈரமண் கறுத்தும் உலர்மண் வெளிறியும் தெரியும், நடுவே ஒரு கோடு ஓடும். அந்தக் கோடு மண்ணின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கில் இருந்தால் சரி. மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கினால், வளை இல்லாத மூலையில் 250 முதல் 300 மில்லி தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அது அடியில் பரவி மேலே ஏறும். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது மூடியையும் அறையையும் பொறுத்தது. கோட்டைப் பார்த்து ஊற்றுங்கள், நாள்காட்டியைப் பார்க்க வேண்டாம்.

சருகு

பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஸ்ப்ரேயை அடியோடு விலக்க வேண்டாம். வாரம் ஒருமுறை ஒரு பக்கக் கண்ணாடியிலும் பட்டையிலும் லேசாகத் தெளித்தால் தேள் துளியிலிருந்து குடிக்கும், மேலே இருக்கும் ஸ்ப்ரிங்டெயிலும் (ஈரமண்ணில் பூஞ்சை தின்று வாழும் நுண்ணிய உயிர்) பிழைக்கும். தேளின் மேல் நேராக அடிக்கக் கூடாது.

ஸ்பான்ஜ் வேண்டவே வேண்டாம். அதில் தேளுக்குக் குடிக்க எளிதும் இல்லை, நாலு நாளில் பாக்டீரியா பெருகி நாற்றம் எடுக்கும். 1 செ.மீ. ஆழமுள்ள, கனமான, தேள் கவிழ்க்க முடியாத கிண்ணத்தில் சில கூழாங்கற்கள் போதும். கூழாங்கல் தேளுக்காக இல்லை, இரைப்பூச்சி விழுந்து செத்து அழுகாமல் இருக்க.

ஆழ்வளை சொல்லாத ஒன்று: அடியில் 3 செ.மீ. களிமண் உருண்டை (4 லிட்டர்), அதன் மேல் ஃபைபர்கிளாஸ் வலை, பிறகு மண் என்று போட்டால் அதிகத் தண்ணீர் கீழே தங்கும். மண் அழுகாது.

ஆழ்வளை

வடிகால் அடுக்கை வேண்டுமென்றேதான் விட்டேன். நட்டுவாக்காலி அடிவரை தோண்டும், வலையைப் பிறாண்டும், உருண்டையைக் கிளறி மேலே கொண்டுவரும். 30 செ.மீ. உயரத்தில் 3 செ.மீ. அதற்கே போனால் மண்ணின் ஆழமும் குறையும். கோடு பார்த்து அளவாக ஊற்றுபவருக்கு அது தேவைப்படாது. 45 செ.மீ. உயரத் தொட்டி, செடி வைத்து நிறைய நீர் விடும் அமைப்பு என்றால் போடலாம்.

சருகு

செடி வைப்பவருக்குத்தான் சொன்னேன். பச்சைப்பாசி செடி வைக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். ஆனால் அடுக்கு இல்லாத தொட்டியில் அடி நாற்றம் வந்தால் (அழுகிய முட்டை வாடை) காற்று இல்லாமல் கெட்டுவிட்டது என்று அர்த்தம். அப்போது மண்ணை முழுதாக மாற்றத்தான் வேண்டும், காயவைத்துச் சமாளிக்க முடியாது.

கல்லிடுக்கு

மூடிக்கு வருகிறேன். முழு வலை மூடியில் ஈரம் நிற்காது. முழுக்க அடைத்தால் காற்று தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். வலையின் மூன்றில் இரண்டு பங்கை அக்ரிலிக் தகட்டால் மூடி, ஒரு பங்கைத் திறந்து விடுங்கள். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறினால் இன்னும் நல்லது. பிளாஸ்டிக் பெட்டியில் வளர்ப்பவர்களுக்கு இது எளிது: எதிரெதிர்ப் பக்கங்களில் 3 மி.மீ. துளை பன்னிரண்டு வீதம், ஒரு பக்கம் மண்ணுக்கு 3 செ.மீ. மேலே, மறுபக்கம் மூடிக்குச் சற்றுக் கீழே. துளையின் உள்விளிம்பைத் தேய்த்து மழுக்கிவிடுங்கள்.

வலை ஸ்டீலாக இருக்க வேண்டும். ஃபைபர் வலையைக் கிரிக்கெட் பூச்சியே கடித்து ஓட்டை போடும்.

தேள் வழவழப்பான கண்ணாடியில் ஏறாது. ஆனால் மூலையில் உள்ள சிலிக்கான் பட்டையில் நகம் மாட்டி ஏறும். உங்கள் தொட்டியில் மண் போக மிச்சம் 12 முதல் 18 செ.மீ. உயரம்தான். வளர்ந்த நட்டுவாக்காலி வாலை ஊன்றி நிமிர்ந்தால் அதன் மொத்த நீளமும் சேர்ந்து மூடியை எட்டிவிடும். அதனால் இரண்டு பக்கமும் கிளிப் போட்ட மூடி அவசியம். சும்மா மேலே வைத்த மூடியை இடுக்கியால் தள்ளித் தூக்கும் வலு அதற்கு உண்டு. பட்டையும் மண்ணிலிருந்து 5 செ.மீ.க்கு மேல் நிமிர வேண்டாம். உடல் கனமானது, கல்லின் மேல் விழுந்தால் வயிற்றுப் பக்கம் கிழியும்.

பச்சைப்பாசி

புரிந்தது. ஸ்ப்ரிங்டெயிலும் ஐசோபாடும் (மக்கியதைத் தின்னும் பல கால் சிற்றுயிர்) சேர்க்கலாமா? இரை எவ்வளவு, எத்தனை நாளுக்கு?

சருகு

ஸ்ப்ரிங்டெயில் கண்டிப்பாகச் சேருங்கள். தேள் வருவதற்கு முன்பே போட்டுப் பெருகவிட்டால் பூஞ்சையை அதுவே தின்றுவிடும்.

ஐசோபாடில் வகை முக்கியம். குட்டை வெள்ளை வகை (டிரைக்கோரைனா டொமென்டோசா) மட்டும் போடுங்கள். மண்ணுக்குள்ளேயே இருக்கும், சில மி.மீ. தான் வளரும். போர்செல்லியோ போன்ற பெரிய வகைகளுக்குப் புரதப் பசி அதிகம். சட்டை உரித்து மென்மையாகக் கிடக்கும் தேளைக் கடித்துவிடும். அழகுக்காக அவற்றைப் போடாதீர்கள்.

இரவுநடை

இரை: வளர்ந்த தேளுக்கு 7 முதல் 10 நாளுக்கு ஒரு கிரிக்கெட் அல்லது ஒரு நடுத்தர டூபியா கரப்பான். இரையின் நீளம் தேளின் உடல் நீளத்தை (வால் சேராமல்) தாண்ட வேண்டாம். மாவுப்புழு கொடுத்தால் தலையை நசுக்கிவிட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் மண்ணுக்குள் புகுந்து வண்டாகித்தான் வெளியே வரும். வெளியில் பிடித்த பூச்சி வேண்டாம், பூச்சிமருந்து பட்டிருந்தால் தெரியாது.

விளக்கை அணைத்த பிறகு போடுங்கள். மறுநாள் காலை உயிரோடு திரியும் இரையை எடுத்துவிட வேண்டும். தின்ற மிச்சம் சிறு உருண்டையாகக் கிடக்கும், தேள் இரையைக் கரைத்து உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்புவதுதான் அது. இடுக்கியால் பொறுக்கி எடுங்கள், பேன்பூச்சி (மைட்) முதலில் வருவது அங்கேதான்.

வாரக்கணக்கில் தின்னாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். வயிறு தடித்து, பக்கவாட்டுத் தோல் தெரிகிற அளவுக்கு விரிந்திருந்தால் பசியே இல்லை. வற்றிப்போய், முதுகுத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றால் அது நீர்வற்றல். அப்போது முதல் வேலை தண்ணீர், இரை பிறகு. ஆழமில்லாத தட்டில் 2 மி.மீ. தண்ணீர் விட்டு முன்பகுதி மட்டும் ஈரத்தில் படும்படி வையுங்கள். சுவாசத் துளைகள் நான்கு ஜோடியும் வயிற்றின் அடிப்பக்கம் இருக்கின்றன, அவை தண்ணீரில் மூழ்கக் கூடாது.

கண்ணாடியில் சுண்ணாம்பு சொட்டியது போல வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது எச்சம், பூஞ்சை இல்லை. இதைப் பார்த்துத் தொட்டியையே காலி செய்தவர்கள் உண்டு.

மணல்வெளி

ஒரு சந்தேகம் தீர்த்துக்கலாம் நண்பரே. உங்களுக்கு வர்றது உறுதியா நட்டுவாக்காலிதானா? எம்பரர்னு சொல்லி நட்டுவாக்காலியைக் கொடுக்கறது ரொம்ப சகஜம். இடுக்கியைப் பாருங்க. எம்பரரோட (பாண்டினஸ் இம்பெரேட்டர், மேற்கு ஆப்பிரிக்கா) இடுக்கி முழுக்கச் சொரசொரன்னு மணி மணியா இருக்கும், செம்பழுப்பு முடியும் அதிகம். நட்டுவாக்காலிக்கு பெரும்பாலும் வழவழப்பு, முடி கம்மி. தொட்டி ரெண்டுக்கும் ஒண்ணுதான், ஆனா குணம் வேற. நட்டுவாக்காலி சட்டுனு எதிர்த்து நிக்கும். எம்பரர் 1995-லேயே சைட்டீஸ் (காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தற பன்னாட்டு ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியல்ல வந்தது, அதனால நாடு விட்டு நாடு போகணும்னா அனுமதிப் பத்திரம் வேணும்.

ஹெட்டெரோமெட்ரஸ் பேரினத்தையே 2020-ல பல பேரினங்களாப் பிரிச்சுட்டாங்க. பழைய ஹெட்டெரோமெட்ரஸ் சுவாமர்டாமி இப்போ ஜைகன்டோமெட்ரஸ். லேபிள்ல எந்தப் பேர் இருந்தாலும் குழம்ப வேண்டாம்.

பச்சைப்பாசி

இடுக்கி வழவழப்புதான், படம் பார்த்தேன். நன்றி. சட்டை உரிப்பு பற்றி யாராவது விரிவாகச் சொல்லுங்கள். இது வளர்ந்தது என்கிறார்கள், ஆனால் உறுதியில்லை.

இரவுநடை

வளர்ந்த தேள் பிறகு சட்டை உரிக்காது. அதனால் உறுதியில்லை என்றால் உரிக்கும் என்றே வைத்து நடப்பதுதான் பாதுகாப்பு.

அறிகுறி: இரையைத் தொடாது, நடை மந்தமாகும், பக்கவாட்டில் தகடுகளுக்கு இடையே உள்ள தோல் வெளிறி இழுத்து விரியும், வளை வாயை மண்ணால் அடைத்துக்கொள்ளவும் கூடும். இதைப் பார்த்தவுடன் உயிருள்ள இரை ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. ஒரு கிரிக்கெட் போதும், உரித்த தேளைத் தின்றுவிட. அடிமண் ஈரக்கோட்டை மூன்றில் இரண்டுக்குக் கீழே விடாதீர்கள். தோண்டிப் பார்க்காதீர்கள், தொட்டியை நகர்த்தாதீர்கள்.

உரிப்பு தலைப்பகுதியின் முன்விளிம்பு பிளப்பதில் தொடங்கும். உடம்பு முன்பக்கமாக வெளியே வரும். இடுக்கியும் காலும் வால் நுனியும்தான் கடைசி, சிக்குவதும் அங்கேதான். ஈரம் போதாவிட்டால் பழைய சட்டை விறைத்துப்போய் வழுக்காது. காலில் சிக்கினால் பிழைக்க வாய்ப்பு உண்டு. வாலில் சிக்கி வாலின் கடைசிக் கணு நசுங்கினால் அனேகமாகப் பிழைக்காது, ஏனென்றால் மலவாய் விஷப்பைக்குச் சற்று முன்னால், அந்தக் கடைசிக் கணுவின் முடிவில்தான் இருக்கிறது. கழிவு வெளியேற வழி அடைந்துவிடும்.

சிக்கியிருப்பது தெரிந்தால் இழுக்காதீர்கள். புதுத் தோல் அப்போது காகிதத்தைவிட மெல்லியது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த மென்தூரிகையால் சிக்கிய இடத்தை மட்டும் அடிக்கடி நனையுங்கள், பெட்டிக்குள் ஈரத்துணி ஒன்று வையுங்கள். தானே கழற்றிக்கொள்ள நேரம் கொடுங்கள்.

எப்போது இரை கொடுக்கலாம் என்பதற்கு யூவி (புற ஊதா) டார்ச் உதவும். 365 நானோமீட்டர் டார்ச்சில் தேள் பச்சை நீலமாக ஒளிரும். 395 மலிவானது, ஆனால் அதன் ஊதா வெளிச்சமே ஒளிர்வை மறைக்கும். புதிதாக உரித்த தேள் ஒளிராது; வெறும் சாம்பலாகத் தெரியும், பக்கத்தில் கிடக்கும் பழைய சட்டை மட்டும் பளீரென்று ஒளிரும். தோல் இறுக இறுகத்தான் ஒளிர்வு ஏறும். உடம்பு முழுக்கச் சீராக ஒளிர்ந்து, உரித்து ஒரு வாரம் பத்து நாள் ஆன பிறகு சிறிய இரை கொடுங்கள். டார்ச்சை சில நொடிக்கு மேல் காட்ட வேண்டாம். யூவி பட்டால் அது ஒதுங்கிடம் தேடி ஓடும்.

கல்லிடுக்கு

இந்தப் பதிவை மேலே பின் பண்ணி வைக்கலாம். ஒன்று சேர்க்கிறேன்: தண்ணீர் நிறைய, காற்று குறைவு என்றால் தோலில் கரும்புள்ளி வரும், வாலிலும் காலிலும் தொடங்கிப் பரவும். பூஞ்சை நோய். குட்டி என்றால் அடுத்த உரிப்பில் போகலாம். வளர்ந்ததற்கு அந்த வாய்ப்பும் இல்லை. மேல்மண்ணை உலரவிட்டு, மூடியின் அக்ரிலிக்கைப் பாதியாகக் குறையுங்கள். வளையின் அடி ஈரத்தை மட்டும் அப்படியே விடுங்கள்.

பேன்பூச்சி மண்ணிலும் சக்கையிலும் ஊர்ந்தால் அது வெறும் அழுக்குண்ணி. மிச்சத்தை எடுத்து மேல்மண்ணை உலர்த்தினால் குறையும். கால் மூட்டிலும் வாயருகிலும் ஒட்டிக்கொண்டு நகராமல் இருந்தால் தேளைத் தனி டப்பாவில் ஈரத்தாள் மேல் வைத்து, ஈரத்தூரிகையால் தள்ளிவிட்டு, தொட்டி மண் முழுவதையும் மாற்ற வேண்டும்.

மணல்வெளி

பாலைவன வகை வெச்சிருக்கறவங்க இந்த இழையைப் படிச்சு அப்படியே செய்திடாதீங்க. ஹாட்ரூரஸ் அரிசோனென்சிஸ் மாதிரி வகைக்கு இந்த ஈரம் ஆகாது. அதே சமயம் முழுக்கக் காய்ஞ்ச மணலும் ஆகாது, அங்கதான் பலரும் தப்பு பண்றாங்க. பாலைவனத் தேள் வெயில்ல நிக்கறதில்ல, ஆழமான வளைக்குள்ள, ஈரம் இருக்கற மட்டத்துல பகல் பூரா கிடக்குது. குட்டியா வாங்கினது கடைசி உரிப்புகள்ல செத்துப்போறதுக்கு முக்கியக் காரணம் வளைக்குள்ள ஈரம் இல்லாததுதான்.

மணல் 7 பங்கு, களிமண் தூள் 3 பங்கு. நனைச்சு, 20 செ.மீ. ஆழத்துக்கு அழுத்தி, சாய்வா வளை போட்டு, ஒரு வாரத்துக்கு மேல காய விடுங்க. மேல் கெட்டியாகி உள்ளே வளை இடியாம நிக்கும். நிரப்பறப்பவே ஒரு மூலைல அடிவரைக்கும் 2 செ.மீ. குழாய் ஒண்ணு நட்டுடுங்க, வாய்க்கு வலை கட்டி. மாசம் ஒருக்கா அது வழியா 100 மில்லி போதும். மேல்மண் நனையவே வேண்டாம். சூடான ஓரம் 32, மூடி முழு வலை. தண்ணீர்க் கிண்ணம் சின்னதா ஒண்ணு.

கல்லிடுக்கு

ஹாடோஜெனஸ் போன்ற தட்டைப் பாறைத் தேளுக்கு வளையே வேண்டாம், இடுக்குதான் வேண்டும். பலகைக் கற்களை அடுக்கி, நடுவே 1 செ.மீ. இடைவெளி வரும்படி சிறு கல் வைத்து அக்வேரியம் சிலிக்கானால் ஒட்டுங்கள். வாடை போகும்வரை ஆறவிட்டு வையுங்கள். அடிக்கல் தொட்டியின் தரையில் நேராக உட்கார வேண்டும், மண் அதைச் சுற்றித்தான். மண்ணின் மேல் கல்லை வைத்தால் தேள் அடியில் தோண்டும்போது கல் இறங்கி நசுக்கிவிடும். இதே விதி நட்டுவாக்காலித் தொட்டியில் வைக்கும் எந்தக் கனமான கல்லுக்கும் பொருந்தும்.

பச்சைப்பாசி

கையில் எடுக்கலாமா? கொட்டினால்?

ஆழ்வளை

எடுக்க வேண்டாம். அதற்கு அதில் எந்த நன்மையும் இல்லை, கீழே விழுந்தால் வயிறு கிழிந்து சாகும். மண் மாற்றும்போது அகலமான டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டை செருகி மாற்றுங்கள். இரை கொடுக்கவும் மிச்சம் எடுக்கவும் 30 செ.மீ. இடுக்கி, நுனியில் ரப்பர் உறை. வாலைப் பிடித்துத் தூக்கும் பழக்கம் வேண்டாம், கணு விலகும்.

நட்டுவாக்காலி கொட்டுவதைவிடக் கவ்வுவதுதான் அதிகம், கவ்வினால் ரத்தம் வரும். கொட்டினால் வலியும் வீக்கமும் இருக்கும். சோப்பு போட்டுக் கழுவி, துணி சுற்றிய ஐஸ் ஒத்தடம், அந்தக் கையை அசைக்காமல் வைப்பது. கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. மூச்சுத் திணறல், முகம் வீங்குதல், வாந்தி, அதிக வியர்வை, படபடப்பு எதுவானாலும், கொட்டப்பட்டது குழந்தை என்றாலும், உடனே மருத்துவமனை.

இடுக்கி மெல்லியது, வால் தடித்தது என்றால் விஷம் கடுமை என்பது ஓரளவுக்கே சரி. ஹெமிஸ்கார்பியஸ் லெப்டூரஸுக்கு வால் மெல்லியது, ஆனால் கடித்த இடத்துத் தசையையே அழுகவைக்கும் உயிர்க்கொல்லி. செந்தேள் (ஹாட்டென்டாட்டா டாமுலஸ்), ஆன்ட்ராக்டோனஸ், லையூரஸ் எல்லாம் ஆளைக் கொல்லும் தேள்கள். செல்லமாக வளர்க்கும் பேச்சே வேண்டாம்.

இரவுநடை

சின்னத் திருத்தம்: தேள் கடிப்பதில்லை, கொட்டும். ஹெமிஸ்கார்பியஸ் கொட்டு ஆரம்பத்தில் வலி குறைவாக இருக்கும், அதனாலேயே தாமதமாக மருத்துவமனைக்குப் போய் உயிர் போகிறது. மற்றபடி முழுக்கச் சரி.

ஆழ்வளை

சரிதான், கொட்டிய இடம்.

சருகு

பெண் என்பதால் ஒன்று. குட்டி போடவும் கூடும். வேறு ஆணோடு இருந்து வந்ததா என்று கொடுப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இந்த வகைகளில் சினைக்காலம் மாதக்கணக்கில் நீளும். தேள் முட்டையிடாது. குட்டிகள் வெள்ளை வெளேரென்று தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும். முதல் உரிப்பு அங்கேயே நடக்கும், அதன் பிறகுதான் இறங்கும். அதுவரை தொட்டியைத் திறப்பதும் வெளிச்சம் காட்டுவதும் வேண்டாம். தொந்தரவு தாங்காத தாய் குட்டிகளைத் தின்றுவிடும். கொன்ற சிறிய இரை ஒன்றை மட்டும் வளை வாயில் வைத்து, தொடாவிட்டால் மறுநாள் எடுத்துவிடுங்கள்.

இறங்கிய பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியே 6 செ.மீ. டப்பாவில் மாற்றுங்கள்: 3 செ.மீ. அதே மண், நகம் அளவு பட்டைத் துண்டு, சூடான ஊசியால் பக்கத்தில் பத்துத் துளை. துளை குட்டியின் தலையைவிடச் சிறியதாக இருக்க வேண்டும், மிச்ச உடம்பு எப்படியும் நுழைந்துவிடும். 3, 4 நாளுக்கு ஒருமுறை கிரிக்கெட்டின் கால் ஒன்றோ நசுக்கிய குட்டி கிரிக்கெட்டோ போதும். சின்ன டப்பா ஒரே நாளில் காய்ந்துவிடும், தினமும் ஒரு பார்வை பாருங்கள்.

பச்சைப்பாசி

ஆணோடு இருந்ததா என்று இன்றே கேட்கிறேன். இப்போதைக்கு மண் கலந்து நிரப்பிவிட்டேன், பின்பக்கம் 18, முன்பக்கம் 12. ஈரக்கோடு பாதியில் நிற்கிறது. ஸ்ப்ரிங்டெயில் போட்டாயிற்று. தேள் வந்தவுடன் இரை போடலாமா?

ஆழ்வளை

வேண்டாம். வந்த அன்று தண்ணீர் மட்டும். கோடு பாதியில் இருக்கிறது என்றால் இன்று 250 மில்லி மூலையில் ஊற்றுங்கள், அது வருவதற்குள் பரவிவிடும். டப்பாவை மண்ணின் மேல் படுக்கவைத்து மூடியைத் திறந்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு விலகுங்கள். தானே வெளியே வரும். ஐந்தாம் நாள் ஒரு கிரிக்கெட் போட்டுப் பாருங்கள். தொடாவிட்டால் எடுத்துவிட்டு இன்னொரு வாரம் கழித்து.